மழைப் பந்தயங்களில் தலையாயது எது? டோனிங்டன் 1993-ஐ முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி: ஒளிநாடாக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஓயாமல் நடந்துவரும் வாக்குவாதம் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1993 ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க் ஓடுதளத்தில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை நான் அன்றைக்கே பார்த்தவன் அல்லன். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா அதை ஒளிநாடாவில் பதிவு செய்து, அந்த ஆண்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது வேட்டி துண்டுகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு நான் எந்தக் கார் பந்தயத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. அந்த ஒளிநாடாவின் முதல் சுற்றை மட்டும் எத்தனை முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அந்தச் சுற்றைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக்லாரன் அணியின் அயர்டன் சென்னா நான்காம் இடத்திலிருந்து புறப்பட்டார். அவருக்கு முன்னால் வில்லியம்ஸ் அணியின் அலென் புரோஸ்ட்டும் டேமன் ஹில்லும், மூன்றாவதாக பெனட்டன் அணியின் இளைஞர் மைக்கேல் ஷூமாக்கரும் நின்றார்கள். புறப்பட்டவுடனேயே ஷூமாக்கர் ஓரம் கட்டியதால் சென்னா வேகம் குறைய, சாபர் அணியின் கார்ல் வென்ட்லிங்கர் இடைவெளியில் புகுந்துவிட்டார். சென்னா ஐந்தாம் இடத்துக்குப் பின்தங்கினார். முதல் வளைவான ரெட்கேட்டை விட்டு வெளியேறும்போது ஷூமாக்கரைக் கடந்தார். அடுத்து வரும் கிரேனர் வளைவுகள் என்ற இறக்கத்தில், பிறர் கால் வைக்கவே அஞ்சிய வெளிப்புறத்தில் போய் வென்ட்லிங்கரைக் கடந்தார். பிறகு ஹில். கடைசியாக மெல்பர்ன் ஹேர்பின் என்ற கொண்டை ஊசி வளைவில் புரோஸ்ட். சுற்று முடிவதற்குள் முதலிடம் அவர் கையில் இருந்தது.

என் அக்காள் மகன் இயந்திரவியல் படிப்பவன், ஃபார்முலா ஒன் பந்தயங்களை விடாமல் பார்ப்பவன். அவனுக்கு இந்தப் பந்தயத்தைப் போட்டுக் காட்டியபோது, “மாமா, அந்தக் காரில் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தது, காரின் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் இருந்தது, பாதி வேலையைக் கணினி செய்துவிட்டது, புரோஸ்ட்டுக்கு அன்று எதுவுமே சரியாக அமையவில்லை, நீங்கள் சின்ன வயதில் பார்த்ததால் அதைக் கோயிலாக்கி வைத்திருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டான். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது, அவன் சொல்வதில் ஏதோ கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்ற ஐயமும் வந்தது.

ஆகவே கேட்கிறேன். மழையில் ஓடிய பந்தயங்களுள் டோனிங்டன்தான் தலையாயதா? இல்லையென்றால் எதை அந்த இடத்தில் வைப்பீர்கள்? பெயரை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் எழுதினால் அவனிடம் நான் வாதாட உதவும்.

பதில் 1: கோவை பட்டறை

உங்கள் மருமகன் பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டார். மெக்லாரனில் டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தது உண்மைதான். ஆனால் எதிரே நின்ற வில்லியம்ஸ் காரிலும் அது இருந்தது. ஆக்டிவ் சஸ்பென்ஷன், பூட்டிக்கொள்ளாத பிரேக் எல்லாம் இருந்தன. அவற்றோடு அன்றைய மிக வலிமையான ரெனால்ட் வி10 என்ஜினும் இருந்தது. சென்னாவிடம் இருந்ததோ காசு கொடுத்து வாங்கிய ஃபோர்டு வி8. பெனட்டன் அணிக்கு ஃபோர்டு நிறுவனம் கொடுத்த என்ஜினைவிட அது ஒரு படி பழையது. எனவே கணினிதான் வென்றது என்றால், வென்றிருக்க வேண்டியவர் புரோஸ்ட்.

புரோஸ்ட்டுக்கு எதுவும் அமையவில்லை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று மழை வருவதும் நிற்பதுமாக இருந்தது. புரோஸ்ட் ஏழு முறை டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் வந்தார். தூறினால் மழை டயர், ஓடுதளம் சற்றுக் காய்ந்தால் வழுவழுப்பான ஸ்லிக் டயர், மறுபடி தூறினால் மறுபடி மழை டயர் என்று வானத்தைத் துரத்திக்கொண்டே இருந்தார். சென்னாவோ ஈரம் மினுங்கும் தரையிலும் ஸ்லிக் டயரோடு சில சுற்றுகளைத் தாக்குப்பிடித்து, அடுத்தவர் மாற்றிய டயர் வீணாகும் வரை காத்திருந்தார். டயர் எப்போது மாற்ற வேண்டும் என்பதை எந்தக் கணினியும் அவருக்குச் சொல்லவில்லை. பந்தய முடிவில் ஹில்லைவிட 1 நிமிடம் 23 விநாடி முன்னால் இருந்தார். மூன்றாம் இடம் பெற்ற புரோஸ்ட் ஒரு முழுச் சுற்று பின்தங்கியிருந்தார்.

இவ்வளவு சொல்லிவிட்டாலும், என் ஓட்டு டோனிங்டனுக்கு இல்லை. 1985 ஏப்ரல் 21, போர்த்துகலின் எஸ்டொரில் ஓடுதளம். சென்னாவின் முதல் வெற்றி அது. லோட்டஸ் அணிக்கு அவர் ஓட்டிய இரண்டாவது பந்தயம். அவருக்கு அப்போது வயது 25.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அந்தக் கறுப்பு லோட்டஸ் காரில் ரெனால்ட் டர்போ என்ஜின். டர்போ என்ஜினின் குணம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. ஒரு கணம் கழித்து மொத்த ஆற்றலும் ஒரே மூச்சில் பின்சக்கரங்களுக்கு வந்து இறங்கும். உலர்ந்த தரையிலேயே அதை அடக்குவது கடினம். தேங்கிய தண்ணீரில், ஒரு கையால் கியர் கம்பியை இழுத்துக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலால் கிளட்ச்சையும் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டும். ஆற்றல் எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்து, வளைவு முடியும் முன்பே மிதிக்க வேண்டும். கணிப்பு சற்றுப் பிசகினால் கார் பம்பரமாகச் சுழன்றுவிடும். அன்று புரோஸ்ட்டே நேர்ப்பாதையில் தண்ணீர் மேல் வழுக்கிச் சுவரில் மோதி வெளியேறினார். சென்னாவிடம் ஒரு சுற்றுகூடப் பின்தங்காமல் பந்தயத்தை முடித்தவர் ஃபெராரியின் மிக்கேலே அல்போரெட்டோ ஒருவர்தான், அவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால். மற்ற எல்லாரும் குறைந்தது ஒரு சுற்றாவது பின்தங்கியிருந்தார்கள்.

சென்னாவே பின்னாளில் டோனிங்டனைவிட எஸ்டொரில்லையே உயர்த்திச் சொன்னார். காரணமாக அவர் காட்டியதும் உங்கள் மருமகன் காட்டிய அதே டிராக்ஷன் கண்ட்ரோலைத்தான். ஆக, பையன் தோற்கவில்லை, நீங்களும் தோற்கவில்லை. எஸ்டொரில்லைப் பற்றி அவர் ஒப்புக்கொண்ட இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டத்தில் நான்கு சக்கரங்களும் புல்லுக்குப் போய்விட்டன, கார் தானாகத் திரும்பி வந்தது, பார்த்தவர்கள் அதைத் திறமை என்று புகழ்ந்தார்கள், உண்மையில் அது அதிர்ஷ்டம் என்றார்.

சொந்த அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஒரு பயிற்சி வகுப்பின்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலையில் உலர்ந்த தரையில் கற்றுக்கொண்ட பாதையிலேயே மதியமும் ஓட்டினேன், இரண்டாம் வளைவிலேயே புல்லுக்குப் போனேன். பயிற்சியாளர் வந்து, நாள் முழுதும் கார்கள் ஓடி ரப்பர் படிந்த இடம் ஈரத்தில் எண்ணெய் தடவிய தட்டுப் போல ஆகிவிடும், ஆகவே அந்தப் பாதையை விட்டு விலகி, சொரசொரப்பு மிச்சமிருக்கும் வெளிப்புறத்தைத் தேடு என்றார். கிரேனர் இறக்கத்தில் சென்னா ஏன் வெளிப்புறம் போனார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. விளங்கியது என்பதற்காக என்னால் அதைச் செய்ய முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

பதில் 2: சிவப்புச்சட்டை

எல்லாரும் சென்னாவையே பிடித்துக்கொண்டால் ஷூமாக்கரை யார் நினைப்பது? 1996 ஜூன் 2, பார்சிலோனா. ஃபெராரிக்காக அவர் பெற்ற முதல் வெற்றி.

அந்த ஆண்டு ஃபெராரி எவ்வளவு நம்பகமற்ற வண்டி என்பதற்கு ஒரே சான்று போதும்: அதே ஜூன் மாதக் கடைசியில் பிரான்ஸில் முதலிடத்திலிருந்து புறப்பட வேண்டியவர், பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றிலேயே என்ஜின் புகைந்து நின்றார். அப்படிப்பட்ட காரை வைத்துக்கொண்டு பார்சிலோனாவில் அவர் புறப்பாட்டிலும் சொதப்பினார், பல இடங்கள் பின்தங்கினார். பிறகு ஒவ்வொருவராகக் கடந்து, ஜாக் வில்நவ்வையும் கடந்து முன்னால் போனதும், சுற்றுக்குச் சில விநாடிகள் வீதம் மற்றவர்களை விட்டு விலகிக்கொண்டே இருந்தார். பின்பாதியில் என்ஜின் சரியாக எரியாமல் விக்கிக்கொண்டே ஓடியது. அப்படியும் இரண்டாவதாக வந்த ஜான் அலேசியைவிட 45 விநாடி முன்னால் முடித்தார். இறுதிவரை ஓடிக்கொண்டிருந்த கார்கள் ஆறே ஆறு. அவ்வாண்டு உலகப் பட்டம் வென்ற டேமன் ஹில் அன்று மீண்டும் மீண்டும் சுழன்று, கடைசியில் பந்தயத்தை விட்டே போனார்.

டோனிங்டனில் சென்னாவிடம் இருந்தது நல்ல கார், எஸ்டொரில்லில் முதலிடத் தொடக்கம். பார்சிலோனாவில் ஷூமாக்கரிடம் இரண்டும் இல்லை. எனக்கு இது போதும்.

பதில் 3: மூர்மார்க்கெட் வாசகன்

தம்பிகளின் பேச்சைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் நின்று தூசியைத் தின்றுகொண்டே பந்தயம் பார்த்த தலைமுறை நான். வெளிநாட்டுப் பந்தயங்களை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. மூர் மார்க்கெட்டில் எடைக்கு வந்து சேரும் பழைய ஆங்கிலக் கார் இதழ்களைப் பொறுக்கியெடுத்து, மாதங்கள் கழித்து முடிவைத் தெரிந்துகொள்வோம். பந்தயம் எங்களுக்குப் படித்த கதையாகவே வந்து சேர்ந்தது. அதனால்தானோ என்னவோ, 1968 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் ஓட்டியதை நான் பார்க்காமலேயே இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய நூர்பர்க்ரிங் மலைக்காட்டுக்குள் ஏறி இறங்கிச் செல்லும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அன்று மழையோடு அடர்ந்த மூடுபனியும் சேர்ந்துகொண்டது. முன்னால் போகும் கார் கிளப்பும் நீர்த்திரைக்குள் அந்தக் காரே தெரியாது. சில மாதங்களுக்கு முன் ஹராமாவில் நடந்த விபத்தில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்த ஸ்டூவர்ட், கையில் கட்டோடு ஓட்டினார். காலையில் அந்த மழையில் பயிற்சிக்குப் போக அவருக்கு மனமே இல்லை. தண்ணீர் எங்கெங்கே பாதையைக் குறுக்காகக் கடக்கிறது என்று பார்த்து வரத்தான் வேண்டும் என்று அணித் தலைவர் கென் டிரெல் வற்புறுத்தி அனுப்பினார். ஆறாம் இடத்தில் புறப்பட்டவர் முதல் சுற்றிலேயே முன்னுக்கு வந்தார். 14 சுற்றுகள் முடிந்தபோது, இரண்டாவதாக வந்த கிரஹாம் ஹில்லுக்கும் அவருக்கும் இடையே நான்கு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. தம்பி சொல்லும் 45 விநாடியையும் 1 நிமிடம் 23 விநாடியையும் இதன் அருகில் வைத்துப் பாருங்கள். டன்லப் மழை டயர் அவருக்குப் பெரிய துணையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனிதர் மழையைக் கண்டு துள்ளியவர் அல்லர் என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் முதல் சுற்றிலேயே மழை பிடித்துக்கொண்டு பல கார்கள் சிதறின. ஸ்டூவர்ட்டின் கார் பாதையை விட்டுப் பறந்து நசுங்கியது. பெட்ரோலில் நனைந்தபடி அவர் உள்ளே சிக்கிக் கிடந்தார். தாமும் அங்கேயே வழுக்கி நின்ற கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும், வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி, ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள். அதன்பின் அவர் எப்போதும் தம் காரிலேயே ஒரு ஸ்பேனரைக் கட்டி வைத்துக்கொண்டார். ஓடுதளங்களில் தடுப்பும் மருத்துவ வசதியும் வேண்டும் என்று ஊரெல்லாம் திட்டினாலும் விடாமல் கேட்டார். அப்படிப் பயந்தவர்தான் நூர்பர்க்ரிங்கில் நான்கு நிமிட இடைவெளியில் வென்றார்.

சென்னாவின் அன்பர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1984 ஜூன் 3, மொனாக்கோ. டோல்மன் என்ற சிறிய அணியின் காரில் 13-ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட சென்னா, முன்னால் போய்க்கொண்டிருந்த புரோஸ்ட்டை எட்டிப் பிடிக்கும் தறுவாயில் பந்தய அதிகாரி ஜாக்கி இக்ஸ் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார். 31-ஆம் சுற்றின் நிலவரப்படி வெற்றி புரோஸ்ட்டுக்குப் போனது. பறிபோன வெற்றி என்று இன்றுவரை இதைப் பேசுகிறார்கள். ஆனால் சென்னாவுக்குப் பின்னால், கடைசி இடத்திலிருந்து புறப்பட்டு, மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன் பையனைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஷ்டெஃபான் பெல்லோஃப். களத்தில் டர்போ இல்லாத ஒரே கார் அவருடைய டிரெல்தான். வலிமை குறைந்த என்ஜின் மழையில் வரமாக அமைந்தது என்பது உண்மை. கோவைத் தம்பி சொன்ன டர்போ தொல்லை அவருக்கு இல்லை. ஆனாலும் மொனாக்கோவின் இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே முன்னால் போகும் ஒவ்வொருவரையும் கடந்து வர வேண்டுமே!

இக்ஸ் தாம் போர்ஷே அணிக்கு ஓட்டுபவர் என்பதால், போர்ஷே செய்த என்ஜினைக் கொண்ட புரோஸ்ட்டின் மெக்லாரனுக்குச் சாதகமாக நடந்தார் என்று அப்போது பேசினார்கள். பெல்லோஃபும் அதே போர்ஷே அணியின் ஓட்டுநர் என்பதை அப்படிப் பேசியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பாதிப் பந்தயம் என்பதால் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். 9-க்குப் பதில் 4.5. ஆண்டு இறுதியில் புரோஸ்ட் உலகப் பட்டத்தை நிக்கி லௌடாவிடம் அரைப் புள்ளியில் இழந்தார், 72-க்கு 71.5. பந்தயம் முழுதாக ஓடி அவர் சென்னாவிடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தாலும் முழு 6 புள்ளி கிடைத்திருக்கும், பட்டமும் கிடைத்திருக்கும்.

பெல்லோஃபின் மூன்றாம் இடமும் நிலைக்கவில்லை. டிரெல் அணியை அந்த ஆண்டின் முடிவுகள் அனைத்திலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஸ்பாவில், 1000 கிலோமீட்டர் பந்தயத்தில், ஓ ரூஷ் வளைவில் ஒரு காரைக் கடக்க முயன்றபோது மோதி உயிரிழந்தார். அவர் கடக்க முயன்ற காரை ஓட்டியவர் ஜாக்கி இக்ஸ்.

பதில் 4: கிள்ளான் வாசகர்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நான் மலேசியாவில் வசிப்பவன். இங்கே செப்பாங் ஓடுதளத்தில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். எங்கள் மாலை மழையைப் பற்றி ஐரோப்பியர்களுக்குச் சொன்னால் புரியாது. அங்கே மழை தூறித் தூறி வரும். இங்கே வானமே கவிழ்ந்து கொட்டும். 2001-இல் மூன்றாம் சுற்றிலேயே அப்படிக் கொட்டியது. ஃபெராரியின் ஷூமாக்கரும் அவருடைய அணித்தோழர் பாரிச்செல்லோவும் இருவருமே வழுக்கிப் பாதையை விட்டுப் போய், திரும்பி வந்து, பிட்டுக்குள் ஒருவர் பின் ஒருவராகக் காத்துக் கிடந்தார்கள். பாரிச்செல்லோவுக்குப் போட வேண்டிய டயரைத் தேடி எடுக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆனால் மற்றவர்கள் முழு மழை டயர் போட்டபோது ஃபெராரி நடுத்தர ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயரைப் போட்டது. எல்லாரையும் மெதுவாக ஓட வைக்க முன்னால் போகும் சேஃப்டி கார் விலகுவதற்குள் தண்ணீர் வடியத் தொடங்கிவிட, அதன்பின் இருவரும் சுற்றுக்குச் சில விநாடிகள் வேகமாக ஓடி முதல் இரண்டு இடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். சிவப்புச்சட்டை நண்பர் இதை ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை.

2009 வேறு கதை. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு ஏதுவாக இருக்கட்டும் என்று பந்தயத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்துக்கு என்ன வரும் என்று எங்கள் ஊரில் துணி காயப்போடும் எவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். 31 சுற்றுகளோடு பந்தயம் முடிந்தது. ஓட்டுநர்கள் குடைக்குக் கீழே கார்களிலேயே உட்கார்ந்து காத்திருக்க, கிமி ரைக்கோனன் மட்டும் உடை மாற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார். நானும் என் தம்பியும் கூரையில்லாத மேட்டில் ஒரே நெகிழித் தாளைப் போர்த்திக்கொண்டு இருட்டும் வரை நின்றோம். பாதிப் புள்ளியோடு ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவித்தார்கள்.

ஆனால் என் நெஞ்சில் நிற்கும் மழைப் பந்தயத்தில் நான் நினைப்பவர் வெற்றி பெறவே இல்லை. 2012 மார்ச் 25. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அன்று ஓட்டிய எச்ஆர்டி கார், களத்திலேயே மெதுவானது. முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரு கார்களும் பந்தயத்தில் புறப்படவே தகுதி பெறவில்லை. செப்பாங்கில் கடைசி வரிசையிலிருந்த அவர், மற்றவர்கள் இன்டர்மீடியட் டயரோடு நின்றபோது, முழு மழை டயரோடு புறப்பட்டார். சில சுற்றுகளில் மழை வலுத்தது. எல்லாரும் டயர் மாற்ற உள்ளே ஓட, அவர் மட்டும் போய்க்கொண்டே இருந்தார். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் இருந்த இடம் பத்தாவது. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் மழை நிற்கக் காத்திருந்தோம். அந்த ஐம்பது நிமிடமும் பெரிய திரையில் முதல் பத்துப் பெயர்களில் கார்த்திகேயன் என்ற பெயர் இருந்தது. மேட்டில் எங்களைச் சுற்றியிருந்த தமிழர்கள் எல்லாரும், முன்பின் தெரியாதவர்கள், ஒருவரையொருவர் “அண்ணே, பாத்தீங்களா” என்று கேட்டுக்கொண்டோம்.

பந்தயம் மறுபடி தொடங்கியபின் கார் தன் இயல்பான இடத்துக்கு இறங்கத்தான் செய்தது. இடையில் பட்டன் அவர்மேல் மோதித் தம் முன்சிறகை உடைத்துக்கொண்டார். பிற்பகுதியில் வெட்டலின் டயர் கார்த்திகேயனின் காரில் உரசிக் கிழிய, இரண்டு முறை உலகப் பட்டம் பெற்ற அவர் புள்ளியில்லாமல் திரும்பினார். கார்த்திகேயனைப் பற்றி அவர் பேசிய பேச்சு அழகாக இல்லை. அதிகாரிகளும் கார்த்திகேயனுக்கே நேர அபராதம் விதித்தார்கள். அன்று வென்றவர் அலோன்சோ. இது தலையாய பந்தயமா என்றால் இல்லை என்றே சொல்வேன். கேட்டதற்கு இது பதிலாகாது என்பதும் தெரியும்.

பதில் 5: மூன்றாவது கியர்

சுருக்கமாக ஒன்று. மழைப் பந்தயங்கள் என்றால் 1976 அக்டோபர் 24, ஜப்பானின் ஃபுஜி ஓடுதளம் இதுவரை யார் பதிலிலும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 1 அன்று நூர்பர்க்ரிங்கில் தீயில் கருகிய நிக்கி லௌடா, ஆறே வாரத்தில் மோன்ஸாவில் திரும்பி வந்து நான்காவதாக முடித்தவர். ஃபுஜிக்கு மூன்று புள்ளி முன்னிலையோடு வந்தார். இமைகள் இன்னும் சரியாக மூடாத நிலையில், இரண்டே சுற்று ஓட்டிவிட்டு, இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். என்ஜின் கோளாறு என்று அறிவித்துவிடலாம் என்று அணியினர் சொன்னதற்கும் அவர் இணங்கவில்லை. ஜேம்ஸ் ஹண்ட் மூன்றாவதாக முடித்து ஒரே புள்ளியில், 69-க்கு 68 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். எமர்சன் ஃபிட்டிபால்டியும் கார்லோஸ் பாச்சேயும் அன்று லௌடாவைப் போலவே தாங்களாக விலகினார்கள். அதை யாரும் எழுதுவதில்லை.

2014 அக்டோபர் 5 அன்று, சுஸுகாவில், மழையில் வழுக்கிய ஜூல் பியாங்கியின் கார், வேறொரு காரை அப்புறப்படுத்திக்கொண்டிருந்த இயந்திரத்தில் மோதிய அந்தப் பந்தயத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலேயே அவர் காலமானார். அதற்குப் பிறகு சிவப்புக் கொடி காட்டியதற்காக எந்த அதிகாரியையும் நான் திட்டியதில்லை. மொனாக்கோவின் இக்ஸையும் சேர்த்துத்தான்.

பதில் 6: கோவை பட்டறை

மூன்றாவது கியர் எழுதியதை ஒட்டி ஒரு சிறு செய்தி, முன்பே சொல்ல மறந்தது. மொனாக்கோவில் பந்தயத்தை நிறுத்தச் சொல்லிப் புரோஸ்ட் காரிலிருந்தே கையசைத்தார் என்று சென்னா அன்பர்கள் இன்றும் குறை சொல்வார்கள். அடுத்த ஆண்டு எஸ்டொரில்லில் முன்னால் போய்க்கொண்டிருந்த சென்னாவும் அதே போலக் கையசைத்தார். அன்று கொடி விழவில்லை. முழுதும் ஓட்டி வென்றார்.

ஐயாவுக்கு: நூர்பர்க்ரிங் நான்கு நிமிடம் என்பது பெரிய எண்தான், ஆனால் சுற்று 22.8 கிலோமீட்டர் என்பதால், சுற்றுக்கு ஏறத்தாழ 17 விநாடி என்று வகுத்துப் பார்த்து, அதையும் நீளத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு முக்கால் விநாடி வருகிறது. எஸ்டொரில்லில் 67 சுற்றுக்கு 63 விநாடி. ஒரு சுற்று சுமார் 4.35 கிலோமீட்டர், கிலோமீட்டருக்குக் கால் விநாடிக்கும் குறைவு. கணக்குப் போட்ட பிறகு என் வாதம்தான் பலவீனமாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டவர் மறுமொழி: ஒளிநாடாக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கேள்வி கேட்டபோது ஒரு பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன்; இப்போது என் கையில் ஆறேழு பந்தயங்கள் இருக்கின்றன, வாக்குவாதம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

நேற்று இரவு மருமகனையும் உட்கார வைத்து இந்தப் பதில்களை வரிசையாகப் படித்தோம். வில்லியம்ஸிலும் டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தது என்ற இடத்தில் அவன் வாயைத் திறக்கவில்லை. சென்னாவே எஸ்டொரில்லை உயர்வாகச் சொன்னார் என்ற இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஐயா எழுதிய ஸ்பேனர் செய்தி அவனை மிகவும் பிடித்துக்கொண்டது. இன்றைய கார்களில் ஸ்டியரிங்கை ஒரு நொடியில் கழற்றிவிட முடிகிறதே, அது அங்கிருந்துதான் தொடங்கியதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முழுப் பந்தயம் என்று எடுத்தால் எஸ்டொரில்லுக்கும் நூர்பர்க்ரிங்குக்கும் முன்னால் டோனிங்டனை வைக்க இனி எனக்கு நா எழாது. ஆனால் ஒரே ஒரு சுற்று என்று எடுத்தால், 1993-இன் அந்த முதல் சுற்றை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதிலும் ஒரு புதிய செய்தி கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாகச் சென்னாவின் காரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், நேற்றுத்தான் பாரிச்செல்லோவைக் கவனித்தேன். ஜோர்டன் காரில், தம் மூன்றாவது ஃபார்முலா ஒன் பந்தயத்தில், 12-ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட அந்தப் பையன் அதே சுற்றின் முடிவில் நான்காவதாக வருகிறார். சென்னா கடந்தது நான்கு பேரை. இவர் முன்னேறியது எட்டு இடம். ஒளிநாடாவில் அது சென்னாவுக்குப் பின்னால், நீர்த்திரைக்குள், ஒரு மங்கலான புள்ளியாகத்தான் தெரிகிறது. மருமகன்தான் விரலை வைத்துக் காட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்சிலோனா 1996 பார்க்கப் போகிறோம். சிவப்புச்சட்டை நண்பரே, விக்கும் என்ஜின் சத்தம் எந்தச் சுற்றிலிருந்து கேட்கத் தொடங்குகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.